உரிமை கோருவோர் எவருமிலர்

நிலவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் இருமுறை பிறக்கிறது. ஐந்தாம் மாதத்தில் தாயின் உடலை விட்டு நீங்குகிறது. பத்தாம் மாதத்தில் பேழையை விட்டு நீங்குகிறது. நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கே ஆதலால், முழுக் காலமும் தாயின் வயிற்றிலேயே வளர்ந்த முதல் தலைமுறைக் குழந்தைகளின் எலும்புகள் சுண்ணாம்புக் கட்டிகளைப் போல் நொறுங்கின. அதன் பின்னரே கருப்பேழை வந்தது. ஒருவர் இரு கைகளாலும் அணைத்துக்கொள்ளும் அளவிலான உலோகப் பெட்டி. அதனுள் ஓயாமல் சுழலும் நீர்ப்பை. அந்தச் சுழற்சி தரும் எடையில் குழந்தையின் எலும்பு இறுகும். மருத்துவர்கள் தங்கள் வேலையைச் செவ்வனே செய்தார்கள். அவர்களுக்குப் பின்னர்ச் சட்டம் எழுதுவோர் வந்தார்கள்.

கோமதிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. அவள் பிறந்தது தேரிக் குடியரசில். வாழ்க்கைப்பட்டது வடமுனைக் கூட்டரசில். கணவன் இசக்கிமுத்து வடமுனையின் ரயில் தடங்களைப் பராமரிக்கும் பிரிவில் பணிபுரிந்தான். திருமணத்தின்போதே கோமதி தேரிக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து வடமுனைக் குடியுரிமையைப் பெற்றிருந்தாள். இரண்டையும் ஒருவர் வைத்துக்கொள்ள இயலாது.

இசக்கிமுத்துவின் வீட்டுக் கூடத்தின் நடுவில் கோமதி அமர்ந்திருந்தாள். அவளுக்கு அருகில், சந்தனமும் குங்குமமும் பூசப்பட்டுப் பேழை அமர்ந்திருந்தது. வளையல் தட்டை ஏந்தி வந்த பெண் தயங்கி நின்றாள்.

"யாருக்கு மொதல்ல போட? இவளுக்கா, பெட்டிக்கா?"

கோமதியின் அண்ணன் மனைவி உலகம்மாள் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டாள். "வளையல் சத்தம் யாருக்குக் கேக்கணும்? உள்ள கெடக்கிற புள்ளைக்கு. அது இப்ப இவ வயித்துலயா கெடக்கு? இவ கைக்கும் போடுங்க, பெட்டிக் குழாய்க்கும் ஒரு டஜன் மாட்டுங்க. பெட்டி அழகாத்தான் இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பேழைக்கு நீர் செல்லும் குழாயில் கண்ணாடி வளையல்கள் ஏறின. சுழற்சியின் அதிர்வில் அவை மெல்ல ஒலித்துக்கொண்டே இருந்தன.

சடங்கு முடிந்ததும் கோமதியின் மாமியார், "பொண்ணு போயிட்டு வரட்டும். பெட்டியை எதுக்கு அலைக்கழிக்கணும்? அது இங்கயே இருக்கட்டுமே" என்றார்.

கோமதியின் அண்ணன் ஆவுடையப்பன் எழுந்துவிட்டான். தேரியில் கீரைக்கூடம் ஒன்றை நடத்துபவன் அவன். பெற்றோர் மறைந்த பின் தங்கைக்குத் தாய்வீடு என்பது அவன் வீடுதான்.

"தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் நடக்கணும். எங்க அம்மா இல்லங்கிறதுக்காக எந்தங்கச்சிக்குத் தாய்வீடு இல்லாமப் போயிருமா? வெறும் ஆளைக் கூட்டிட்டுப் போயி, பெட்டியை இங்க விட்டுட்டுப் போனா ஊர் என்ன பேசும்? மாப்ளே, நீங்களே சொல்லுங்க."

இசக்கிமுத்து மனைவியைப் பார்த்தான். அவள் போக விரும்பினாள். புறப்பட்டார்கள்.

வடமுனை எல்லையில், புறப்படுவோரைச் சரிபார்க்கும் அலுவலர் உரக்கச் சொல்லி எழுதினார்: "ஆள் நாலு. பெட்டி அஞ்சு."

தேரி எல்லையில், வருவோரைச் சரிபார்க்கும் அலுவலர் உரக்கச் சொல்லி எழுதினார்: "ஆள் அஞ்சு. பெட்டி நாலு."

உலகம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ரயில்ல வரும்போதே பெட்டி ஒண்ணு ஆளாயிருச்சு பாத்தீங்களா!" ஐந்தாவது ஆளுக்கு மூன்று மாத விருந்தினர் அனுமதி வழங்கப்பட்டது. அது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் மாதம் பிறந்தபின், தேரியின் குடிப்பதிவாளர் ஞானையா வீட்டுக்கே வந்தார். நரைத்த தலை, மெலிந்த உடல், எதையும் இருமுறை படித்த பின்னரே பேசும் வழக்கம். உலகம்மாள் கொடுத்த சுக்குக் காப்பியைப் பருகிவிட்டு அவர் வந்த காரியத்தைச் சொன்னார்.

"அந்த அஞ்சாவது ஆளுக்கு விருந்தினர் அனுமதி முடியப்போகுது. வடமுனைக் குடிச்சான்று ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா, திரும்பிப் போற வரைக்கும் நீட்டிச்சுத் தந்துருவேன்."

"அது இன்னும் பொறக்கவே இல்லையே, சார்" என்றான் இசக்கிமுத்து.

"எங்க சட்டப்படி பொறந்தாச்சு, தம்பி. தாய் உடம்பை விட்டு என்னைக்கு வெளிய வந்துதோ, அன்னைக்கே பொறந்தாச்சு. அது நடந்தது வடமுனை ஆஸ்பத்திரியில. அப்ப அது வடமுனைப் பிள்ளை. அதனாலதான் எல்லையில ஆளா எண்ணுனாங்க."

இசக்கிமுத்து அப்போதே வடமுனை அலுவலகத்தைத் தொடர்புகொண்டான். மறுமுனையில் ஒரு பெண் இனிமையாகப் பேசினாள். பேழை எங்கே திறக்கப்படுகிறதோ அதுவே பிறந்த இடம் என்பது வடமுனைச் சட்டம். திறக்கப்படாத பேழை உடைமை. தேரியில் திறந்தால் அது தேரிக் குழந்தை. தங்கள் குடும்பத்துக்கு அலுவலகத்தின் நல்வாழ்த்துகள் என்றாள்.

அவன் ஞானையாவிடம் அதைச் சொன்னான். அவர் தலையசைத்தார். அவருக்கு அது புதிய செய்தியாகத் தோன்றவில்லை.

"ஏன் சார் இப்பிடி?" என்று கேட்டாள் கோமதி.

"காத்துதாம்மா காரணம். ஒரு ஊர்ல குடிமகனாப் பொறந்தா, சாகுற வரைக்கும் அவனுக்குக் காத்து குடுக்கிறது அந்த ஊர் பொறுப்பு. இருக்கிற காத்து அளவானது. வடமுனையில பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. நம்ம ஊர்ல உள்ள மாதிரி சின்ன ஆஸ்பத்திரிகூட இல்லாத ஊர்க்காரங்க எல்லாரும் அங்க போயித்தான் கருவைப் பேழைக்கு மாத்துறாங்க. அத்தனை பேரும் உரிமை கேட்டா என்ன ஆகும்னு பயந்து, திறக்கிற இடந்தான் கணக்குன்னு எழுதிட்டாங்க. எங்க ஊர்ப் பொண்ணுங்க எல்லா ஊர்லயும் வாழ்க்கைப்பட்டிருக்கு. தலைப்பிரசவம்னா பேழையைத் தூக்கிட்டு இங்க வந்துருதுங்க. அதுக்குப் பயந்து நாங்க, மாத்துற இடந்தான் கணக்குன்னு எழுதிட்டோம்."

"அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் வடமுனைக் குடிமக்கள்தானே? அது போதாதா?"

"பெத்தவங்களை வெச்சுக் குடியுரிமை ரெண்டு ஊர்லயும் கிடையாதும்மா."

இரண்டு சட்டங்களிலும் எழுவாய் முறையாக இருந்தது. பயனிலை முறையாக இருந்தது. ஒரு காற்புள்ளிகூடத் தவறான இடத்தில் விழவில்லை. தனித்தனியே படித்தால் இரண்டும் அறிவுடையோர் எழுதியவை. தங்கள் எல்லைக்கு அப்பால் இன்னொருவரும் இதே அச்சத்தோடு எழுதிக்கொண்டிருப்பார் என்று எழுதியவர்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அல்லது எண்ணிப் பார்த்தும், அந்த இடைவெளியில் விழப்போவது தங்கள் வீட்டுக் குழந்தை அன்று என்று உறுதியாக இருந்தார்கள்.

"அப்ப இன்னைக்கே ரயிலேறிருவோம். அங்க போயித் திறந்துக்கிடுதோம்" என்றான் ஆவுடையப்பன்.

அதற்கு வழியில்லை. ஒன்பதாம் மாதத்தில் பேழையை ரயிலில் ஏற்ற எந்த மருத்துவரும் கையொப்பமிடமாட்டார். உள்ளே சுழற்சி, வெளியே ரயிலின் வளைவு. இரண்டும் சேர்ந்தால் முற்றிய குழந்தையின் கழுத்து தாங்காது. தேரியின் மருத்துவர் இதனை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

"ரெண்டு ஊரும் வேண்டாம்னா புள்ள எங்க போகும்?" கோமதியின் குரல் உயரவில்லை.

ஞானையா காலிக் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடைநிலையம்."

இரு நாடுகளுக்கும் நடுவே, ரயில்கள் மின்னேற்றம் செய்துகொள்ளும் நிறுத்தம் அது. எந்த நாட்டு மண்ணும் அன்று. எந்த நாடும் ஏற்காதவர்களுக்கு அங்கே இரு நாடுகளும் சேர்ந்து கருணைக் காற்று அனுப்பின. பள்ளிக்கூடம் இல்லை. வேலைக்கு அனுமதி இல்லை. அங்கே வளர்ந்து ஆளானவர்கள் சிலர், கடந்து செல்லும் ரயில்களின் சாளரங்களைப் பார்த்துக் கையசைப்பதுண்டு. இசக்கிமுத்து அவர்களைப் பல முறை பார்த்திருக்கிறான். திரும்பக் கையசைத்தும் இருக்கிறான்.

உலகம்மாளால் பொறுக்க இயலவில்லை.

"நல்லா இருக்கு சார் உங்க நியாயம்! போன வருசம் சந்தை வாசல்ல எவளோ ஒரு புள்ளையைப் போட்டுட்டுப் போனா. அப்பன் யாரு, ஆத்தா யாரு, ஒண்ணும் தெரியாது. அதுக்குக் குடியுரிமை குடுத்தீங்க, காத்து குடுத்தீங்க, போட்டோ புடிச்சுச் செய்தியிலயும் போட்டீங்க. இங்க பெத்தவ கண்ணு முன்னால உக்காந்திருக்கா. இவ புள்ளைக்குக் கிடையாது. என்ன, ஆத்தா இருக்கிறதுதான் அந்தப் புள்ள செஞ்ச குத்தமா?"

"ஆமாம்மா" என்றார் ஞானையா. "அதான் சட்டம். தேரி எல்லைக்குள்ள கண்டெடுத்த குழந்தைக்குப் பெற்றோர் தெரியலன்னா, அது தேரியில பொறந்ததாகவே கொள்ளணும்."

அவர் எழுந்தார். வாசல்வரை சென்றவர் நின்றார். முகத்தைத் திருப்பவில்லை.

"பொது மண்டபத்துல மூணு தடவை கூப்பிட்டுக் கேக்கணும். யாராவது உரிமை கோரினா மட்டுந்தான் மரபணுவைச் சோதிச்சுப் பாக்க எனக்கு அதிகாரம் உண்டு. யாரும் கோரலன்னா, நான் பாக்கக் கூடாது. கண்டெடுத்த பிள்ளையைத் தேரிக் குடிமக்கள்தான் வளர்க்கலாம். பின்னால எப்ப பெத்தவங்க இன்னாருன்னு தெரிஞ்சாலும், அஞ்சு வருசம் கழிச்சாலும், அம்பது வருசம் கழிச்சாலும், கொடுத்த குடியுரிமை அன்னைக்கே போயிரும். காப்பி நல்லா இருந்துச்சும்மா."

அவர் சென்ற பின், வளையல்கள் மட்டும் குழாயில் ஒலித்தன.

"வேண்டாம்" என்றான் இசக்கிமுத்து. "மூணு பேரும் இடைநிலையத்துக்குப் போயிருவோம். அங்கயும் ரயில் தடம் இருக்கு. நான் ஏதாவது பாத்துக்கிடுவேன்."

"வேலைக்கு அனுமதி இல்லங்க."

"சும்மா இருந்தாலும் ஒண்ணா இருப்போம்லா?"

"நாம இருப்போம்" என்றாள் கோமதி. "நாம ரெண்டு பேரும் படிச்சு, வேலை பாத்து, ஊரைச் சுத்தி, கல்யாணம் முடிச்சு, எல்லாம் பாத்தாச்சு. அது என்னத்தப் பாக்கும்? போற ரயிலைப் பாக்கும். அதுக்கு ஒரு புள்ள பொறந்தா, அதுவும் ரயிலைப் பாக்கும்."

"அதுக்காக? பெத்த புள்ளையைத் தெரியாதுன்னு சொல்லுவியா?"

"தெரியாதுன்னு சொல்லச் சொல்லலியே, அவரு. யாருக்கும் உரிமை உண்டான்னு கேப்பாங்க. பேசாம இருந்தாப் போதும்."

ஆவுடையப்பன் தலையில் கை வைத்து அமர்ந்திருந்தான். "எல்லாம் என்னாலதான். உங்க அம்மா அப்பவே சொன்னாங்க மாப்ளே. நாந்தான் ஊரு என்ன பேசும், ஊரு என்ன பேசும்னு..."

"இப்ப அழுது என்ன செய்ய?" என்று உலகம்மாள் அவனை அடக்கினாள். பிறகு கோமதியின் அருகில் வந்து அமர்ந்தாள். "நான் வளக்கேன். எம்புள்ளைங்க ரெண்டோட மூணு. ஆனா ஒண்ணு சொல்லிருதேன் கோமதி. ஊரு வாயை நான் அடைச்சிருவேன். உன் வாயை நீதான் அடைக்கணும். என்னால ஆகாது."

"சரி, மதினி" என்றாள் கோமதி.

பத்தாம் மாதத்தில் ஒரு காலை வேளையில் வீட்டிலேயே பேழையைத் திறந்தார்கள். உலகம்மாளின் அக்காள் செவிலியாக இருந்தது உதவியாயிற்று. பெண் குழந்தை. எலும்புகள் நன்றாக இறுகியிருந்தன. அழுகையில் குறை ஏதுமில்லை. தன் உடலில் வளராத குழந்தைக்கும் பால் சுரக்க மாத்திரைகள் உண்டு. கோமதி அவற்றை இரண்டு மாதமாக உட்கொண்டு வந்திருந்தாள். ஒருமுறை பால் கொடுத்தாள். இரண்டாம் முறை கொடுக்கும் முன்னர் உலகம்மாள் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அன்று நண்பகலில், பொது மண்டபத்தின் நீர்க்குழாய் அருகே ஒரு குழந்தை கிடப்பதாக ஆவுடையப்பன் பதிவாளரிடம் முறையிட்டான்.

மாலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. தேரி சிறிய ஊர். யார் வீட்டுக்கு எந்த மாதம் எந்தப் பேழை வந்தது என்பது பல்லில்லாக் கிழவருக்கும் தெரியும். எல்லை அலுவலர் வந்திருந்தார். மருத்துவர் வந்திருந்தார். முதல் வரிசையில், உலகம்மாளுக்கும் இசக்கிமுத்துவுக்கும் நடுவில் கோமதி அமர்ந்திருந்தாள்.

ஞானையா மேடையில் நின்று, கையிலிருந்த சட்ட வாசகத்தை மட்டுமே பார்த்துப் படித்தார்.

"தேரிக் குடியரசின் எல்லைக்குள் கண்டெடுக்கப்பட்ட இந்தப் பெண் குழந்தைக்கு உரிமை கோருவோர் எவரேனும் உளரா?"

ஒருவரும் அசையவில்லை.

"உரிமை கோருவோர் எவரேனும் உளரா?"

துணிக் கூடையில் கிடந்த குழந்தை அப்போது விழித்து அழத் தொடங்கியது. பசித்த அழுகை. மண்டபத்தின் உலோகக் கூரையில் மோதி அது பெரிதாயிற்று. கோமதி இரு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். அவளுடைய ரவிக்கையின் முன்புறம் நனையத் தொடங்கியது. பின்வரிசையில் ஒரு பெண் தேம்பினாள். அவளை யாரோ அடக்கினார்கள். இசக்கிமுத்து எழ முயன்றபோது ஆவுடையப்பன் பின்னாலிருந்து அவன் தோளை அழுத்திப் பிடித்தான்.

உலகம்மாள் தன் போர்வையை எடுத்துக் கோமதியின் மேல் போட்டாள். "குளிருதுன்னு சொன்னியே, இந்தா போத்திக்கோ" என்றாள், மண்டபத்துக்கே கேட்கும்படி.

மூன்றாம் அழைப்புக்கு முன் ஞானையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மீண்டும் துடைத்தார். யாரேனும் எழுவதற்குப் போதிய அவகாசத்தை அவர் கொடுத்தாரா, எழாமல் இருப்பதற்குப் போதிய வலுவைத் திரட்டிக்கொள்ள அவகாசம் கொடுத்தாரா என்பதை அவர்தாம் சொல்ல வேண்டும்.

"உரிமை கோருவோர் எவரேனும் உளரா?"

குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

"உரிமை கோருவோர் எவருமிலர்" என்று படித்தார் ஞானையா. "பிறந்த இடம் தேரி. பெற்றோர் அறியப்படாதவர். வளர்ப்போர் ஆவுடையப்பன், உலகம்மாள்."

வெற்றுப் பேழையைத் திருப்பி அளிக்கும்போது வடமுனைக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தை தங்கவில்லை என்று இசக்கிமுத்து எழுதிக் கொடுத்தான். அதையே தன் தாயிடமும் சொன்னான். பெட்டியை அலைக்கழிக்காதீர்கள் என்று தான் சொன்னதை அந்த அம்மாள் ஊர் முழுவதும் சொல்லி அழுதார். அவரிடம் உண்மையைச் சொல்லலாமா என்று அவன் மனைவியைக் கேட்டான். தெரிந்தவர்கள் எண்ணிக்கை கூடக் கூட மகளின் மூச்சு குறையும் என்று கோமதி சொன்னாள். அவன் மீண்டும் கேட்கவில்லை.

குழந்தைக்கு உமையாள் என்று பெயரிட்டார்கள். அயல்நாட்டவர் தேரியில் ஆண்டுக்கு ஒரு மாதமே தங்கலாம் என்று பின்னர் ஒரு திருத்தம் வந்தது. கோமதி அந்த மாதத்தைப் பிரித்துப் பிரித்து எடுத்துக்கொண்டாள்.

உமையாளுக்கு ஒன்றரை வயதானபோது, அப்படி ஒரு வருகை முடிந்து கோமதி புறப்பட்டாள். ஆவுடையப்பன் கீரைக்கூடத்தில் இருந்தான். உலகம்மாள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வழியனுப்ப வந்தாள். ஞானையா ஓய்வு பெற்றுவிட்டார். எல்லையில் ஓர் இளம் பெண் அலுவலர் நின்றாள். தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்தவள். இந்த ஊரில் ஒருவரையும் அறியாதவள்.

"யாரைப் பாக்க வந்தீங்க?"

"எங்க அண்ணன் வீட்டுக்கு வந்தேன்."

அலுவலர் அனுமதிச் சீட்டைக் கையில் எடுத்தாள். அப்போது உமையாள், கோமதி ரயில் பக்கம் திரும்புவதைக் கண்டு, உலகம்மாளின் இடுப்பிலிருந்து இரு கைகளையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தாள்.

"ம்மா! ம்மா!"

அலுவலர் நிமிர்ந்து பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள், கோமதியின் முகத்தைப் பார்த்தாள், மீண்டும் குழந்தையைப் பார்த்தாள். இருவருக்கும் மூக்கு ஒன்றுபோல் இருந்தது.

"இதுக்கு அம்மா யாரு?"

உலகம்மாள் பாயும் குழந்தையை இடுப்போடு இறுக்கிப் பிடித்தாள்.

கோமதி பையைக் கீழே வைத்தாள். குழந்தையின் அருகில் சென்று, அதன் கன்னத்தைப் பிடித்து, உலகம்மாளின் முகத்தை நோக்கித் திருப்பினாள்.

"அங்க பாரு, அம்மா. நான் யாரு? நான் அத்தை. எங்க, சொல்லு. அத்தை."

குழந்தை அவளுடைய உதடுகளையே உற்றுப் பார்த்தது.

"த்தை" என்றது.

அலுவலர் சிரித்துவிட்டுச் சீட்டில் முத்திரை பதிக்கக் குனிந்தாள்.

"சத்தமாச் சொல்லு, கண்ணு" என்றாள் கோமதி. "இன்னொரு தடவை."